கிளட்ச் இல்லாத ஜீப்

எங்கள் பக்கத்தில் காரைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும் எந்த வண்டிக்கும் ஜீப் என்றுதான் பெயர். விற்கிறவர்கள் குட்டி எஸ்யூவி என்பார்கள், கிராஸ்ஓவர் என்பார்கள். அக்கரப்பத்தனை ரோட்டில் அது ஓடினால் ஜீப். ஓடாமல் நின்றுவிட்டால் அதற்கு வேறு பெயர்கள் இருக்கின்றன. அவற்றை ஒரு டீச்சர் எழுதக் கூடாது.

அப்படி இரண்டு ஜீப்புகளை ஒரே மாதத்தில் ஓட்டிப் பார்க்கும் யோகம் எனக்கு வாய்த்தது. ஒன்று வெள்ளை, கியர் வண்டி. மற்றது சாம்பல் நிறம், ஆட்டோ கியர், பாதி பெற்றோலிலும் பாதி பெட்டரியிலும் ஓடுகிற ஹைபிரிட். இரண்டும் தலவாக்கலையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நானாவிடம் விற்பனைக்கு நின்றன. முஸ்லிம் கடைக்காரர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளை அவருடையது. சாம்பல், வெளிநாட்டுக்குப் போய்விட்ட அவருடைய மச்சானுடையது.

எனக்கு ஜீப் ஆசை எல்லாம் இருந்ததில்லை. என் வீட்டுக்காரருக்காகத்தான் பார்த்தேன். அவர் இருபத்தொரு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். பெண்கள் பறித்த கொழுந்தை மலையிலிருந்து ஏற்றிக்கொண்டு ஃபெக்டரிக்குப் போக வேண்டும், வெறும் லொறியோடு திரும்ப வேண்டும், ஒரு நாளைக்கு நாலைந்து நடை. அந்த ரோட்டில் இருபத்தொரு வருடம் குலுங்கியதில் முதுகெலும்பு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் விலகிக்கொண்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இடது காலில் பழைய பலம் வரவில்லை.

"இனி லொறி ஓட்ட வேண்டாம்" என்று டொக்டர் சொன்னார். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம். கூடுதலாக ஒரு கேள்விகூட இருவரும் கேட்கவில்லை. லொறி ஓட்டுகிறவனுக்கு இடது கால் கிளட்சில் இருக்க வேண்டும், அந்தக் கால் போனால் டிரைவர் வேலை போனது. எங்கள் தோட்டத்தில் அதை யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அவர் வீட்டுக்கு வந்து தன் லைசன்ஸை எடுத்து அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தார். அதற்குப் பிறகு வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை சாப்பிடும்போதுகூட வண்டியைப் பற்றித்தான் பேசுவார். எனக்கு அது பெரிய தலைவலியாக இருந்தது. பேச்சு நின்றபோது வீடு வீடாக இல்லை.

ஏழாவது மாதம், இனி வாரத்துக்கு ஒருமுறை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலுக்குப் பயிற்சி செய்ய வேண்டும் என்றார்கள். த்ரீவீலில் இரண்டு தடவை போனார். ஒவ்வொரு குழியும் அவர் முதுகில்தான் விழுந்தது. மூன்றாவது வாரம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நான் வரல புள்ள, நீ ஸ்கூலுக்குப் போ" என்றார். பயிற்சியை விட்டால் கால் சூம்பிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அன்று எனக்கு வந்த கோபத்தில் குழந்தைகளுக்கு இரண்டு பாடம் சேர்த்து நடத்தினேன். சாயங்காலம் நேரே நானாவின் கடைக்குப் போனேன்.

"கொண்டு போய் ஓட்டிப் பாருங்க டீச்சர். ஒருநாள் ஒண்ணு, மத்த நாள் மத்தது. ஓட்டாம வாகனம் எடுக்கக் கூடாது" என்றார் நானா.

நான் வண்டி ஓட்டுவேன் என்பதற்குக் காரணமும் என் வீட்டுக்காரர்தான். கல்யாணமான புதிதில், எங்களிடம் இருந்த, பிறகு விற்றுவிட்ட பழைய குட்டி வானில் வைத்து எனக்குப் பழக்கினார். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்த சனங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வானை நான் ஒருமுறை கீரைப் பாத்திக்குள் இறக்கினேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. "இன்னொருக்கா" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவள்.

அடுத்த ஆஸ்பத்திரி நாளுக்கு முதலில் வெள்ளையை எடுத்து வந்தேன். அவர் பிடித்துப் பிடித்து நடந்து வந்து பின் கதவைத் திறந்தார்.

"ஏங்க, முன்னால வாங்க. கால நீட்டி உக்காரலாம்."

"அது கிளீனர் உக்கார்ற எடம்" என்றார்.

லொறியில் டிரைவருக்கு இடப் பக்கம் உட்கார்கிறவர் கிளீனர். கொழுந்துச் சாக்கு ஏற்றுவது, சில்லுக்குக் கல் வைப்பது, முடக்கில், அதாவது ரோட்டு வளைவில், லொறி பின்னால் போகும்போது இறங்கி நின்று சத்தம் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. இருபத்தொரு வருடம் வலப் பக்கம் இருந்தவர், பெண்சாதி ஓட்ட, கிளீனர் சீட்டில் உட்கார்ந்து தோட்டத்தைத் தாண்டிப் போவாரா? நோயாளி என்ற பெயரில் பின் சீட்டில் போவது அவருக்குப் பரவாயில்லையாம். ஆம்பளை ரோசம் எங்கெல்லாம் போய் ஒளிந்துகொள்கிறது பாருங்கள்.

வெள்ளை ஜீப்பை எனக்கு முதல் முடக்கிலேயே பிடித்துவிட்டது. உயரமான சீட். பொனட்டின் இரண்டு முனையும் கண்ணுக்குத் தெரியும், ஆகவே எதிரே பஸ் வந்தால் வண்டியை ரோட்டோர வடிகாலான கானின் பக்கம் எவ்வளவு ஒதுக்கலாம் என்று சரியாகக் கணக்குப் போடலாம். இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு ஏறியது. ஹோல்புரூக் ஏற்றத்தில் முன்னால் போன ட்ரக்டர் நின்றுவிட, ஹாண்ட்பிரேக்கை இழுத்து, கிளட்சைப் பாதி விட்டு, ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாமல் எடுத்தேன். எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது. குறை என்றால், அதன் ஸ்பிரிங் கட்டை. ரோட்டில் உள்ள குழிகள் ஒன்றைக்கூட விடாமல் நமக்குத் தெரியப்படுத்தும்.

கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படிங்க இருக்கு?"

"ஓட்டுறது நீ. ஒனக்குப் புடிச்சா சரி."

எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. த்ரீவீலுக்கு இது எவ்வளவோ மேல், பின்னால் இரண்டு தலையணை போட்டால் சமாளிக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். திரும்பும் வழியில் நானாவிடம் வெள்ளையையே எடுத்துக்கொள்கிறோம் என்றேன். மனுஷன் விடவில்லை.

"மத்ததையும் ஒருக்கா ஓட்டுங்க டீச்சர். அதுவும் நல்ல வாகனமாத்தான் ஈக்கு. பாக்காம வாணாம்னு சொல்ல ஏலாது."

அவர் முகத்துக்காகத்தான் அடுத்த வாரம் சாம்பல் ஜீப்பை எடுத்தேன். எடுத்ததிலிருந்தே எனக்கு அதன்மேல் எரிச்சல். பட்டனை அமுக்கினேன், சத்தமே இல்லை. பழுது என்று நினைத்து மறுபடி அமுக்கினேன், உண்மையிலேயே நின்றுவிட்டது. முதல் தடவையே அது ஸ்டார்ட் ஆகித்தான் இருந்திருக்கிறது. லயத்துக்கு முன்னால் ரோட்டில் படுத்திருக்கும் நாய்கள் சத்தம் கேட்காததால் அசையவே இல்லை. கொழுந்துச் சாக்கோடு நடந்த இரண்டு அக்காமார், "என்ன டீச்சர், பேய் மாதிரி வந்து நிக்கிறீங்க!" என்று ஏசினார்கள். எங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள கானைத் தாண்டும்போது வண்டியின் அடி தட்டியது. கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை மிதித்து, ஆமை வேகத்தில் போன வண்டியை அப்படியே நிறுத்தினேன்.

கூரை பின்பக்கம் சரிந்து இறங்கிய வண்டி அது. பின் கதவு வழியாக ஏற முதுகைக் குனிய வேண்டும், அவரால் முடியவில்லை. மூன்று தடவை முயன்றார். பிறகு சுற்றி வந்து முன் கதவைத் திறந்து, கிளீனர் சீட்டில் உட்கார்ந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பெல்ட்டைச் சரிசெய்வது போல நடித்தேன்.

நுவரெலியா போகும்வரை அந்த வண்டி சொன்ன பேச்சுக் கேட்டது, அதை மறைக்கக் கூடாது. ஏற்றத்தில் தானே பிடித்து நின்றது. குழிகளை மெத்தையில் வாங்கிக்கொண்டது. லிந்துலை தாண்டியதும் பார்த்தால் அவர் தூங்கியிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஒரு வண்டியில் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனாலும் ஓட்டுகிறவளுக்கு அது போதுமா? முன் கண்ணாடியின் தூண் தடிப்பாக இருந்ததால், வலப் பக்க முடக்கில் எதிரே வருவது என்ன என்று எட்டி எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. மூக்கு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. இடது கைக்கும் இடது காலுக்கும் ஒரு வேலையும் இல்லை. நான் வண்டியை ஓட்டவில்லை, அதுதான் என்னை ஏற்றிக்கொண்டு போகிறது என்று தோன்றியது. வெள்ளைதான் என்று மனதில் உறுதியாக முடிவெடுத்தேன்.

பயிற்சி முடிந்து திரும்பினோம். நானுஓயாவைத் தாண்டிய பிறகு நீளமான இறக்கம். அங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். நாடே பெற்றோல் இல்லாமல் வரிசையில் நின்ற அந்த வருடத்தில் மலைநாட்டில் வண்டி வைத்திருந்த எல்லாரும் பழகிக்கொண்ட பழக்கம் அது. இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு வண்டியை அதன் பாட்டில் விடுவோம். ஒரு சொட்டு மிச்சம் பிடித்தாலும் லாபம் என்று இருந்த காலம். வரிசை போய்விட்டது, பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. யோசிக்கவே இல்லை, கியர்க் கம்பை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டேன்.

முதல் இரண்டு முடக்கு நன்றாகத்தான் இருந்தது. இந்த வண்டி பாரம் கூடியது, எங்கள் பழைய குட்டி வான் அல்ல. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினேன். மூன்றாவது முடக்கில் கருகல் வாடை வந்தது. மிதித்தால் முன்பு நின்ற இடத்தில் வண்டி நிற்கவில்லை. இன்னும் பலமாக மிதித்தேன், பயனில்லை.

"கம்பத் திருப்பிப் போடு!"

இடப் பக்கத்திலிருந்து வந்த அந்தக் குரலை நான் எட்டு மாதமாகக் கேட்கவில்லை.

"கீழ இழு புள்ள! கடேசி வரைக்கும் இழு! பிரேக்க விட்டு விட்டு மிதி! இப்ப மலைப் பக்கமா ஒதுக்கு!"

சொன்னபடியெல்லாம் செய்தேன். கம்பைக் கீழே இழுத்ததும், அதுவரை சத்தமே போடாத அந்த எஞ்சின் வீறிட்டது. எஞ்சின் பிடித்ததில் வேகம் குறைந்தது. தேயிலைச் செடிகளுக்குக் கீழே இருந்த புல் திட்டில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினேன்.

 முன் சில்லுகளிலிருந்து லேசாகப் புகை வந்தது.

"நான்தான் பழக்கிவிட்டேன், இந்த நியூட்ரல் சனியன" என்றார்.

 நான் அவரைப் பார்க்கத் திரும்பினேன், பார்வை கீழே போயிற்று. வண்டி நின்ற பிறகும் அவருடைய வலது கால் தரையைப் பலமாக மிதித்துக்கொண்டிருந்தது. பிரேக் இல்லாத பக்கத்தில் உட்கார்ந்து எனக்காகப் பிரேக் பிடித்திருக்கிறார். காலுக்கு அடியில் இருந்த ரப்பர் விரிப்பு மடங்கிப்போயிருந்தது. இடது கால் ஒரு ஓரமாகச் சும்மா கிடந்தது, என்னுடைய இடது காலைப் போலவே.

நான் குனிந்து என் காலடியைப் பார்த்தேன். இரண்டே மிதிகள். இரண்டும் வலது காலுக்கு.

"ஏங்க," என்றேன், "இந்த வண்டியில எடது காலுக்கு என்னங்க வேல?"

 அவர் தன் காலைப் பார்த்தார், என் காலடியைப் பார்த்தார், மறுபடி தன் காலைப் பார்த்தார். இருபத்தொரு வருடம் வண்டி ஓட்டியவரும் பதினைந்து வருடம் பாடம் நடத்தியவளும் எட்டு மாதமாக ஒரே வீட்டில் இருந்து, இந்த ஒரு சின்ன விஷயத்தை யோசிக்காமல் இருந்திருக்கிறோம். லொறியைத் தவிர வேறொன்றை வண்டி என்று நினைத்திருந்தால்தானே!

"நான் ஓட்டிப் பாக்கவா?" என்றார். மிட்டாய் கேட்கும் குழந்தை இவ்வளவு பயந்து கேட்காது.

"டொக்டர்கிட்ட கேக்காம சாவியத் தர மாட்டேன்" என்றேன். அடுத்த கிளினிக்குக்கு மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரம் யார் பொறுப்பது? பிரேக் நன்றாக ஆறும்வரை இருந்துவிட்டு, வண்டியைத் திருப்பி, வந்த இறக்கத்தையே ஏற்றமாக ஏறி மறுபடி நுவரெலியா போனேன்.

டொக்டர் கிளம்பும் நேரம். வராந்தாவிலேயே மறித்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மூச்சு வாங்காமல் சொன்னேன். அவர் என் வீட்டுக்காரரை வாங்குப் பலகையில் உட்காரவைத்து, வலது பாதத்தில் தன் உள்ளங்கையை வைத்து, அழுத்தச் சொன்னார். இவர் அழுத்திய அழுத்தில் டொக்டர் ஓரடி பின்னால் போனார். சிரித்துக்கொண்டே, "நான் லொறியைத்தானே வேண்டாம் என்றேன்" என்றார். முதலில் சமதரையில் ஓட்ட வேண்டும், பிறகு கிட்டிய தூரம் மட்டும், அரை மணிக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும், வலித்தால் அன்றோடு நிறுத்த வேண்டும். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் கைகட்டி நின்று தலையாட்டினார். நான் ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். பிறகு டொக்டரைக் கும்பிட்டேன்.

மறுநாள் ஸ்கூல் லீவு. மெக்கானிக்கைக் கூப்பிட்டு பிரேக்கைப் பார்க்கச் சொல்லி, ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று தெரிந்த பிறகு தோட்டத்து விளையாட்டு மைதானத்துக்குப் போனோம். அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் இருந்த லைசன்ஸ் அவர் சட்டைப் பையில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. முதல் சுற்றில் அவரும் கிளட்சைத் தேடி, இடது காலால் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொருக்கா" என்றேன்.

பிறகு ஏழு சுற்றுப் போனார். லயத்து வாசலில் சனங்கள் கூடி நின்றார்கள். யாரோ கை தட்டினார்கள். அவர் வேண்டுமென்றே ஹோன் அடித்தார், நாய்களுக்காக இருக்கலாம்.

வெள்ளையை விட்டுச் சாம்பலையே எடுத்தோம். நன்றி சொல்ல இருவரும் நானாவின் கடைக்குப் போனோம். "ஒங்களுக்கு முன்னமே தெரியுமா நானா? அதுனாலதான் ஓட்டிப் பாக்கச் சொன்னீங்களா?" என்று கேட்டேன். பொய் சொல்லி நல்ல பெயர் எடுத்திருக்கலாம். மனுஷன் தலையைச் சொறிந்தார்.

"அல்லா மேல ஆணையா எனக்கு ஒண்டும் தெரியாது டீச்சர். கிளட்ச் இல்லாத வாகனத்த இந்த மலையில ஒருத்தரும் கேக்குறாங்க இல்ல. மச்சான் நச்சரிக்கிறான். எப்படியாச்சும் தள்ளிவிடத்தான் பாத்தேன்."

அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. தெரிந்து செய்தவருக்கு ஒரு நன்றி என்றால், தெரியாமல் செய்துவிட்டு அதை ஒப்புக்கொள்கிறவருக்கு இரண்டு. நோன்புப் பெருநாளைக்கு அவர் வீட்டுக்குப் பலகாரத் தட்டோடு போனோம். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த வட்டிலப்ப இனிப்பைத் தந்து அனுப்பினார்கள்.

ஓட்டுகிறவள் என்ற முறையில் இன்றைக்கும் கேட்டால் வெள்ளைதான் நல்ல வண்டி என்பேன். சாம்பலின் அடி எங்கள் வீட்டுக் கானில் இன்னும் தட்டிக்கொண்டிருந்திருக்கும், அவர் கல் அடுக்கிக் கானை மேடாக்கியதால்தான் தப்பியது. அந்தத் தடித்த தூணை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அதே தூணைப் பற்றி, அதன் எஞ்சினைப் பற்றி, இறக்கத்தில் கம்பை எப்போது கீழே இழுக்க வேண்டும் என்பதைப் பற்றி வீட்டில் பேச்சு ஓடுகிறது. எனக்கு மறுபடியும் தலைவலி. கடவுளே, இந்தத் தலைவலி இப்படியே இருக்கட்டும்.

மூன்று மாதம் கழித்து, டொக்டர் சரி என்ற பிறகு, இறம்பொடை அனுமார் கோயிலுக்குப் போனோம். நுவரெலியாவரை நான் ஓட்டினேன், அங்கிருந்து அவர். நான் முதல் தடவையாக அந்த வண்டியின் இடப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் அந்த வழியாக ஓட்டியிருக்கிறேன், ரோட்டைத் தவிர ஒன்றையும் பார்த்ததில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிர் மலையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பனி அதன் பாதியை மூடியிருந்தது.

ஓரிடத்தில் மண் சரிந்து ரோடு ஒரு வண்டி போகும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. கீழிருந்து பஸ் ஒன்று ஏறி வந்தது. நாங்கள்தான் பின்னால் போக வேண்டும். அவர் கம்பை மாற்றினார். திரையில் பின் கெமரா பனி படிந்து வெள்ளையாகத் தெரிந்தது.

"எறங்கு" என்றார்.

"எதுக்குங்க? கண்ணாடியப் பாத்துப் போங்க."

"பின்னால ஆளு நின்னு சொல்லாம நான் என்னைக்குப் புள்ள வண்டியப் பின்னால எடுத்தேன்? எறங்கு. கிளீனர் சீட்டுல சும்மாவா உக்காந்திருக்க?"

இறங்கினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். கிளீனர்மார் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டுக்குப் பின்னால் எத்தனையோ வருடம் கேட்ட சத்தம் அது. வண்டியின் பக்கத்தில் கையால் தட்டிக்கொண்டு, "ஹரி! ஹரி! ஹரி!" என்று கூப்பிட்டேன். சரி, வரலாம் என்பதற்கு லொறிக்காரர்கள் எல்லாரும் சொல்லும் சிங்களச் சொல். வண்டி என் குரலை நம்பி, மெல்ல, நேராகப் பின்னால் வந்தது. எனக்குக் கண்ணீர் பொங்கி முன்னால் ஒன்றும் தெரியவில்லை. தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

அவர் ஜன்னலால் தலையை வெளியே நீட்டினார்.

"போதும் டீச்சர், ஏறு. பஸ்ஸு போயி எவ்வளவு நேரமாச்சு."